பம்பாயில் இல்லாத அண்ணன்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் முன்சீட்டுக்காரியின் தலைமுடி என் மடியில் வந்து விழுந்தது. கரிசலாங்கண்ணி போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய் வாசம். அந்த வாசத்தை என் வீட்டுக்குள் நான் விட்டதே இல்லை. மகள் காலேஜ் படிக்கும்போது கேட்டாள், சளி பிடிக்கும் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லித் தட்டிவிட்டேன்.

முன்சீட்டுக்காரி ஒரு திருநங்கை. இப்போது அப்படி மரியாதையாக ஒரு சொல் இருக்கிறது, நீ கேட்டதில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். அவள் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, மூன்று ஆம்பளைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்கள். அதில் ஒருத்தன் மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு நின்றான். விக்கிரவாண்டி தாண்டியதும் நான் எழுந்துபோய் அங்கே உட்கார்ந்தேன். தியாகம் ஒன்றும் இல்லை, எனக்கு முழங்கால் வலி.

"முடி மேல பட்டுச்சாம்மா? கவனிக்கல, மன்னிச்சிக்குங்க" என்றாள்.

"படட்டும். எங்க போற?"

"வியுப்புரம்மா. எங்க ஜனங்களோட ப்ரைடு ஊர்வலம். கொடி புடிச்சிக்கினு எல்லாரும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடப்போம்." மடியில் சுருட்டி வைத்திருந்த கொடியைக் கொஞ்சம் விரித்துக் காட்டினாள், ஏழெட்டு நிறம். "திட்றவங்க திட்டுவாங்க. போன வருசம் மண்ண வாரி எறிஞ்சாங்க. அதுக்குன்னு நடக்காம இருக்க முடியுமா?"

நான் கண் டாக்டரைப் பார்க்கக் கிளம்பியிருந்தேன். கண் டாக்டர் எங்கே போய்விடப் போகிறார். அவளோடு இறங்கி நடந்தேன். ஏன் நடந்தேன் என்று உனக்குச் சொல்லத்தான் இந்த மடல்.

அம்மா செத்தபோது எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினொன்று. அதற்கப்புறம் எனக்குத் தலை பின்னிவிட்டது நீதான். அப்பா மல்லாட்டைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனதும் என்னை முன்னால் உட்கார வைத்து, பல்லில் ரிப்பனைக் கடித்துக்கொண்டு, இரட்டைச் சடை போட்டு மடித்துக் கட்டுவாய். பள்ளிக்கூடத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் வகிடு அவ்வளவு நேராக இருக்காது. அப்பா ஒருநாள் பார்த்துவிட்டார். உன்னை அன்றைக்கு ஏன் அடித்தார் என்று எனக்கு விளங்கவில்லை. என் தலை கலைந்துவிட்டதே என்றுதான் அழுதேன்.

இருபத்திரண்டு வயதில் நீ வீட்டை விட்டுப் போனாய். போனாய் என்பது சும்மா சொல்வது. ஓட ஓட அடித்துத் துரத்தினார்கள், நம் சித்தப்பாவும் கூடத்தான். "எனக்குப் பையனே கிடையாது, ஒரே பொண்ணுதான்" என்று வீட்டுக்குள் சொன்ன அப்பா, ஊருக்கு வேறு கதை சொன்னார்: பையன் பம்பாயில் மில் வேலைக்குப் போயிருக்கிறான். அந்தப் பம்பாய்க் கதையோடுதான் என்னைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்தார். கல்யாணத்துக்கு மச்சான் ஏன் வரவில்லை? லீவு கிடைக்கவில்லை. பம்பாய் மில்லில் ஒருநாள் லீவு கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எங்கள் மாமியார் தெருவுக்கே விளக்கம் சொன்னார்.

நீ விழுப்புரத்தில் இருப்பது எனக்குத் தெரிந்தது ஒரு நல்ல நேரம். மாமியார் அத்தைக்கு இழுப்பு, மாதம் ஒருமுறை விழுப்புரம் சித்த வைத்தியரிடம் சூரணம் வாங்க நான்தான் பாசஞ்சரில் வருவேன். ஸ்டேஷன் வாசலில் பச்சைப் புடவையில் ஒருத்தி கடை கடையாகக் கைதட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். நடையைப் பார்த்தேன், அம்மா நடந்து வருவதுபோல இருந்தது. நீ என்னைப் பார்த்துவிட்டுச் சட்டென்று ஒரு சந்துக்குள் நுழைந்தாய், நான் சூரணப் பையோடு பின்னாலேயே ஓடி வந்தேன்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் அந்த ஓட்டு வீடு. ஐந்து பேர் இருந்தீர்கள், பெரியம்மா என்று எல்லோரும் கூப்பிடும் வயசான அம்மாதான் வீட்டுக்குத் தலை. அவர்கள் உன்னை ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நீயாக வைத்துக்கொண்ட பேர். நான் ஒருநாளும் அந்தப் பேரைச் சொல்லவில்லை. "ண்ணா" என்றே கூப்பிட்டேன். "ஒரு வாட்டி அக்கான்னு கூப்புடேன்டி, காதாலயாவது கேட்டுக்கறேன்" என்று நீ கெஞ்சினாய். நான் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று இன்றுவரை எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

அப்போது உன் முடி இடுப்பைத் தொட்டது. "பின்னி வுடுடி, எனுக்குப் பின்னால எட்டல" என்று முதுகைக் காட்டி உட்கார்ந்தாய். தலையெல்லாம் அந்தக் கரிசலாங்கண்ணி எண்ணெய் வாசம். முதலில் கை கூசியது. இரண்டாவது மாதம் பழகிவிட்டது. மூன்றாவது மாதம், உன் வீட்டுக்குப் போவதற்கென்றே சூரணத்தைச் சீக்கிரம் தீர்க்க ஆரம்பித்தேன். "இது முடி இல்லடி, அஞ்சு வருசம்" என்பாய். சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, இந்த இடத்தில் இருக்கும்போது வீட்டை விட்டு வந்தேன், இந்த இடத்தில் இருக்கும்போது முதல்தடவை கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொண்டேன் என்று விரலால் தொட்டுக் காட்டுவாய்.

மூன்று வருடம் இப்படி ஓடியது. எனக்குப் பெண் பிறந்தாள். பதினோராம் மாதம் மொட்டையடித்துக் காது குத்த வேண்டும். வானூர்ப் பக்கம் ஏரிக்கரையில் என் கணவர் வீட்டுக் குலதெய்வம், அய்யனார். காது குத்தினால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அதில் சமாதானம் கிடையாது.

"கல்யாணத்துக்குத்தான் வரல. ஒரே தாய்மாமன், அவன் மடி இல்லாம என் பேத்திக்குக் காது குத்தறதா? வேலையே போனாலும் வரச் சொல்லு" என்றார் அத்தை. என் கணவரின் அண்ணன் வேறு ஒரு மாதிரி சிரித்தார். "பம்பாயில மாமன் இருக்கானா, இல்ல மாமனே இல்லையா?" என்று கேட்டார். ஊரில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்தால் பிள்ளையோடு என்னை அப்பா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அதில் சந்தேகமே இல்லை. எங்கள் தெருவில் அதைவிடச் சின்ன காரணத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள்.

உன்னிடம் வந்து அழுதேன். ஒரு அரைநாள், ஒரே ஒரு அரைநாள் அண்ணனாக வா. என் கணவரின் வேட்டி சட்டையைக் கொண்டுவந்திருந்தேன்.

"முடிய இன்னாடி பண்றது?" என்றாய்.

"தலப்பா கட்டிக்கோண்ணா."

"ஏரியில குளிச்சிட்டு ஈரத் தலையோட சாமி முன்னாடி நிக்கணும்டி. தலப்பா கட்டிக்கினு நிக்க வுடுவாங்களா?"

தலைப்பாகை என்பது என் வாயில் வந்த சும்மா வார்த்தை. நான் ஜாக்கெட் தைக்கிறவள், என் துணிக் கத்தரிக்கோலை அன்று காலையிலேயே பைக்குள் வைத்து எடுத்து வந்திருந்தேன். நீ பையைப் பார்த்தாய். கைப்பிடி வெளியே தெரிந்திருக்க வேண்டும். முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாய், எப்போதும் பின்னிக்கொள்ள உட்காருவது போலவே.

பெரியம்மா ஓடிவந்து வாசற்படியில் நின்று கத்தினார். "எங்க வூட்ல தப்புப் பண்ணவளுக்குத்தான் முடிய வெட்டுவோம். வெட்டுனா அவ ஆறு மாசம் தெருவுல தலைகாட்ட மாட்டா. இவ இன்னா தப்புப் பண்ணா? சொல்லு, இன்னா தப்புப் பண்ணா?" நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். மொத்தமான சடை, துணிக் கத்தரிக்கோலுக்குச் சுலபத்தில் மசியவில்லை. நீ அழவில்லை. "ஜல்தி முடிடி, பாசஞ்சருக்கு நேரமாச்சு" என்றாய்.

காதுகுத்து அன்றைக்கு நீ அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். பம்பாய்க் கதை உடைந்துவிடும் என்று பயந்து ஒப்புக்கொண்ட அப்பா பத்தடி முன்னால் நடந்தார், உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உன் கையில் சீர்த்தட்டு. கிராப்புத் தலை, வெள்ளைச் சட்டை. எனக்கு அப்பாடா என்று இருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கண் மை இல்லை, நகத்தை வெட்டியிருந்தாய், வளையல் தழும்புகூடத் தெரியாமல் சட்டைக் கையை இறக்கிவிட்டிருந்தாய். முடி வெட்டிய அன்றே நான் ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது என்றுதான் நினைத்தேன்.

பாப்பா யார் தூக்கினாலும் வீறிடுவாள். உன் மடியில் உட்கார்ந்ததும் சட்டைப் பித்தானைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் உன் சட்டையெல்லாம் ஒட்டியது. பெண் பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். காது குத்த வந்த பத்தர் வயசானவர், ஊசியோடு பாப்பாவிடம் குனிந்தார். இடது காதில் குத்தினார். அவள் கத்தினாள், நீ அவள் முகத்தை உன் கழுத்தோடு சேர்த்து அணைத்தாய். வலது காதுக்குத் திரும்பும்போது பத்தரின் முகம் உன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"தம்பி, மூக்கு குத்தியிருக்கீங்களே. ஆம்பளைக்கு இன்னாத்துக்கு மூக்குல தொள?"

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆயிரம் மூக்குக் குத்திய மனிதர், வேலைக்காரன் கண், பார்த்ததைக் கேட்டுவிட்டார்.

மூக்குத்தியை நீ கழற்றி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாய். துளையை நான் யோசிக்கவே இல்லை. தலையிலிருந்து கால் வரை சோதித்த எனக்கு உன் மூக்குத் துளை மட்டும் ஏன் உறுத்தவில்லை? பிறகு வருடக்கணக்காக யோசித்துத்தான் பிடிபட்டது. பெண் என்றால் மூக்கில் துளை இருக்கும். உன்னைப் பார்க்கும்போது என் கண் ஒரு பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாய்தான் அண்ணன் அண்ணன் என்று சாதித்துக்கொண்டிருந்தது.

என் கணவரின் அண்ணன் ஒரே எட்டில் வந்து உன் முகத்தைத் தாடையோடு பிடித்துத் திருப்பினார். "இவன வியுப்புரம் டேசன்கிட்ட பாத்திருக்கேன். பொடவ கட்டிக்கினு கடை கேட்டுக்கினு திரியற ஒம்போது இது." பாப்பாவை உன் மடியிலிருந்து பிடுங்கினார்கள். அவள் உன் பித்தானை விடாமல் பிடித்திருந்ததில் அது நூலோடு பிய்ந்து வந்தது. அத்தை மாரில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இது யாரு? உன் கூடப் பொறந்ததா? சாமி முன்னால சொல்லு" என்று அத்தை கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

"எங்கண்ணன் பம்பாயில இருக்காரு. இது யாருன்னு எனக்குத் தெரியாது" என்றேன்.

யோசித்துச் சொன்ன மாதிரிகூட இல்லை, தயாராக வைத்திருந்த மாதிரி வந்தது.

நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து நின்று அத்தையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாய். "ஆமாங்கம்மா. நான் யாரோங்க. மாமன் வரலன்னா சபையில அசிங்கமாயிடும்னு பெரியவரு கூப்ட்டாரு, வந்துட்டேன். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க. அத ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்புறம் அடித்தார்கள். பந்தலுக்கு ஊன்றியிருந்த சவுக்குக் கட்டையைப் பிடுங்கி அடித்தார்கள், செருப்பால் அடித்தார்கள், பெண்களும் மண்ணை வாரி இறைத்தார்கள். நான் பாப்பாவை வாங்கிக்கொண்டு அவள் காதில் வழிந்த ரத்தத்தைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது நீ ஏரிக்கரை மேல் நொண்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாய். சித்தப்பா மகன் ஒருத்தனைப் பிடித்து உட்காரவைத்து வலது காதைக் குத்தினார்கள். அவனுக்கும் நீ யார் என்று தெரியும். எல்லோரும் உட்கார்ந்து கறிச்சோறு தின்றார்கள், நானும் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்துத்தான் விழுப்புரம் வர முடிந்தது. சித்திரை மாதம், கூத்தாண்டவர் திருவிழாவுக்குக் கூவாகம் போக வீடே புடவையும் பூவுமாகக் கிடந்தது. நீ இல்லை. பெரியம்மா என்னை உள்ளே விடவில்லை.

"பூ வைக்க முடி இல்லாம திருவிழாவுக்கு எப்பிடி வருவா? பம்பாய்க்குப் போயிட்டா."

"பம்பாய்க்கா?"

"ஆமா. எந்தங்கச்சி சாமி முன்னால சொல்லிப்புட்டா, அது பொய்யாயிடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனா. போதுமா? சந்தோசமா?" கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்த மாதம் இன்லேண்டு லெட்டர் வந்தது. பம்பாய் முத்திரை. "அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது. நலம், நலமறிய ஆவல். மில்லில் லீவு தராததால் குழந்தை காதுகுத்துக்கு வர இயலவில்லை, மாமியார் மன்னிக்கவும்." அத்தைக்குப் பூரிப்பு தாங்கவில்லை, தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். மில் கதை, மழைக் கதை, எல்லாம் கற்பனை. என் கணவர் கூடத்தில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார், நான் அடுப்படியில் நின்று கேட்பேன். கடைசி வரி மட்டும் மாறாது: "குழந்தைக்குக் காது ஆறிவிட்டதா?" பாப்பா ஓடி விளையாடி, ஒண்ணாம் வகுப்புக்குப் போனபிறகும் அதையே கேட்டிருந்தாய். "எத்தினி வருசத்துக்குக் கேப்பாரு உங்கண்ணன்" என்று அத்தை சிரித்தார்.

நானும் பதில் எழுதினேன். "அன்புள்ள அண்ணனுக்கு" என்று ஆரம்பித்து, காது ஆறிவிட்டது என்று முடித்தேன். மன்னித்துவிடு என்று ஒரு வரி எழுத இடமில்லை, என் கணவர்தான் ஒட்டித் தபாலில் போடுவார்.

ஐந்தாவது வருடம் பெரியம்மா எங்கள் வீட்டு வாசலில் வந்து கைதட்டினார். நான் முறத்தில் அரிசி எடுத்துக்கொண்டு போனேன். முந்தானையை விரித்து அரிசியை வாங்கிக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னார்: "அங்க காய்ச்சல் வந்து போயிட்டா. பத்து நாளாச்சு. அங்கியே எடுத்துட்டாங்க." பிறகு உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, "மகராசியா இருங்க தாயி" என்று சத்தமாக வாழ்த்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நான் வெறும் முறத்தோடு உள்ளே வந்தேன். சோறு வடிக்க வேண்டியிருந்தது, வடித்தேன். உனக்காக வீட்டில் ஒரு விளக்குகூட ஏற்றவில்லை.

இதைவிடக் கேவலம் ஒன்று பாக்கி இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் என் கணவர் படுக்கையில் கிடந்தபோது, கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். திடீரென்று, "ஏரிக்கரைல வந்தவங்க உங்கூடப் பொறந்தவங்கதானே? எனக்கு அன்னைக்கே தெரியும். உன் மூக்கும் அந்த மூக்கும் ஒண்ணுதான்" என்றார். அப்புறம் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். "நீயே இல்லன்னியே" என்றார். நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதர் என்னை அனுப்பியிருப்பாரா, மாட்டாரா? தெரியாது. தெரிந்துகொள்ள நான் இடமே கொடுக்கவில்லை.

ஊர்வலத்தைச் சொல்ல வந்தேன். முப்பது பேர் இருப்போம், பக்கத்தில் நாலு போலீஸ். சில பையன்கள் தம்பட்டம் அடித்தார்கள், பஸ்ஸில் பார்த்தவள் ஆடிக்கொண்டே வந்தாள். வெயிலில் அத்தனை நிறமும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. டீக்கடை ஓரமாக ஒரு கும்பல் நின்று கேட்கக் கூசும் வார்த்தையெல்லாம் கத்தியது. ஒரு தண்ணீர் பாக்கெட் பறந்துவந்து என் தோளில் உடைந்தது. அந்தக் கும்பலில், விழுப்புரத்துக்குச் சரக்கு எடுக்க வந்திருந்த எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர், ஐம்பது வருடப் பழக்கம், என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"இன்னாம்மா நீங்க இங்க? இதுங்க உங்களுக்கு யாரு?"

"எங்க அக்கா இவங்கள்ல ஒருத்தி" என்றேன்.

"எந்த அக்கா? உங்களுக்கு ஒரே அண்ணன்தானே, பம்பாயில?"

"பம்பாயில எனக்கு அண்ணன் யாரும் இல்ல."

இதைச் சொல்வதில் இப்போது என்ன வீரம் இருக்கிறது? அத்தை இல்லை, கணவர் இல்லை, என்னை அனுப்பிவிட ஒரு வீடு இல்லை. நஷ்டம் ஒன்றும் இல்லாத வயதில் உண்மை பேசுவது பெரிய காரியம் இல்லை, அக்கா. அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தப் பெண் என் ஈரத் தோளைத் தன் துப்பட்டாவால் துடைத்துவிட்டபோது நடுரோட்டில் நின்று அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் செய்து முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், கத்தரிக்கோல் உட்பட. முடித்ததும், "அவங்க பேரு இன்னாம்மா?" என்று கேட்டாள். அப்பா வைத்த பேரைச் சொல்லவில்லை. நீ வைத்துக்கொண்ட பேரைச் சொன்னேன். அது என் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல்தடவை.

அவளும் அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

பிறகு கேட்டாள், "அவங்க மடியில குத்துனது எந்தக் காதும்மா?"

"இடது காது" என்றேன்.